‘ங்க’ போட்டால்தான்!

பூங்கா வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.

இஃப்ரா கம்பிக் கதவை ஆட்டிப் பார்த்தாள். ‘பராமரிப்புப் பணி. மறு அறிவிப்பு வரும் வரை அனுமதி இல்லை’ என்றது பலகை.

“சறுக்கு உள்ள இருக்குது. நாம வெளிய இருக்கறோம்!” என்றான் தம்பி தல்ஹா. அழத் திறந்த வாயை அவன் வீடு வரும்வரை மூடவில்லை.

“லீவு முழுக்கவா?” தோழி லாஸ்யாவால் நம்பவே முடியவில்லை.

வீட்டில் சோபாதான் சறுக்கு ஆனது. மூவரும் ஏறி ஏறிக் குதித்தார்கள். தொம்! தொம்! தொம்!

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு ராமாமணி அக்கா! தலை கலைந்து, கண்கள் சிவந்து நின்றார்.

“ஏனுங்க, மேல யானை கீனை வளக்கறீங்களா? ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில நின்னுபோட்டு இப்பத்தான் படுத்தேன். கொஞ்சம் மெதுவா ஆடுங்க கண்ணு.”

இஃப்ராவுக்குத் திக்கென்றது. அக்கா நர்ஸ். பகலில்தான் தூங்குவார். அதை எப்படி மறந்தாள்?

“இன்னொரு தடவை அவங்க படியேறி வந்தா ஆட்டமே கிடையாது. லாஸ்யாவும் அவ வீட்டுலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அம்மா ரம்லா சமையலறைக்குப் போனார்.

“அந்த அக்கா கோவத்துலகூட ‘ங்க’ போட்டுப் பேசறாங்கடி!” என்று கிசுகிசுத்தாள் லாஸ்யா.

இஃப்ரா சட்டென்று நிமிர்ந்தாள். “புது ஆட்டம்! யாரு ‘ங்க’ போட்டுச் சொன்னாலும் செய்யணும். போடாம சொன்னா அசையக் கூடாது. கால் சத்தம் கேட்டாலும் அவுட்டு. கொக்கு மாதிரி நில்லுங்க!”

நின்றார்கள்.

“தவளை மாதிரி உக்காருங்க! எந்திரி!”

எழுந்த லாஸ்யா அவுட். மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்கள். சற்று நேரத்தில் மூவருக்கும் வியர்த்துக் கொட்டியது. தரையில் ஒரு சத்தமும் இல்லை.

“தல்ஹா, முறுக்குத் திங்க வா!” என்றார் அம்மா.

ஒற்றைக்காலில் நின்ற தல்ஹா தவித்தான். “‘திங்க’வுல ‘ங்க’ இருக்குதே அக்கா! போலாமா?”

“கடைசியில ‘வா’தான? போகக் கூடாது.”

தல்ஹாவின் கண்கள் கலங்கின. பேச்சைக் கேட்டு எட்டிப் பார்த்த அம்மா மூன்று கொக்குகளைக் கண்டு திகைத்தார். “சரிங்க, வாங்க!” என்றார். தல்ஹா நுனிக்காலில் பறந்தான்.

சாயங்காலம் மறுபடியும் கதவு தட்டப்பட்டது.

ராமாமணி அக்கா!

“நான் குதிக்கவே இல்ல!” என்று தல்ஹா அம்மாவின் பின்னால் ஒளிந்தான்.

“அதாங்க எனக்கும் பயமாப் போச்சு! மூணு வாலுக இருக்கற ஊட்டுல ஒரு சத்தமும் இல்ல. யாருக்காச்சும் ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு ஓடியாந்தேன்” என்றார் அக்கா.

“நீங்க தூங்கறீங்கன்னுதான்...” என்றாள் இஃப்ரா.

அக்கா சிரித்தார். “நல்லாத் தூங்கிப்போட்டேன் அம்மணி. டூட்டிக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்குது. தல்ஹா கண்ணு, குதி!”

யாரும் அசையவில்லை.

“என்ன, மூணு பேரும் செலையாட்டம் நிக்கறீங்க? அட, குதிங்க!”

தொம்! தொம்! தொம்!