தோட்டா வாங்கின கிண்ணம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார்பாளையத்துல குமாரவேல் மாமா வீட்டுக்குப் போனேன். என் அக்கா துர்காதேவியோட புருஷன், பட்டு வியாபாரி. அந்த ஆளை மாமான்னு கூப்பிட இன்னிக்கும் எனக்கு நாக்கு கூசுது. ஆனா அக்கா பெத்த ஒரே பொண்ணு கீர்த்தியை அங்கேர்ந்து கூட்டிக்கினு வரணுமே.

போன வருஷம் அக்கா செத்தா. துப்பாக்கியைத் துடைக்கறப்போ தவறி வெடிச்சிடுச்சாம். மாமாவோட லைசென்ஸ் துப்பாக்கி. வாராவாரம் துடைக்கிறவரு, முதல்ல தோட்டா போடற உருளையைத் திறந்து கவுப்பாரு. அக்கா எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டுவா. ஆறு தோட்டாவும் டிங் டிங்னு விழும். கீர்த்தி எண்ணுவா. அப்புறம்தான் கம்பியில வேட்டித் துணியைச் சுத்தி, எண்ணெய் தொட்டு, குழலுக்குள்ள விடுவாரு. அன்னிக்கு ஒண்ணு மட்டும் உள்ளயே சிக்கிக்கினு இருந்துச்சாம், கவனிக்கலையாம். 'கீர்த்தியோட உங்க வீட்டுக்கே வந்துடறேண்டி'ன்னு அக்கா எனக்கு போன் பண்ண மறுநாள்தான் அது சிக்கிச்சு. பாவி!

கீர்த்தி அன்னிக்கு டியூஷன் போயிருந்தா. அப்பா சொன்னதை அப்படியே நம்பிட்டா. எத்தனை தடவை கூப்பிட்டும், பாவம் அப்பா தனியா இருப்பாருன்னு வரவே மாட்டேன்னுட்டா.

கேஸ் முடிஞ்சு துப்பாக்கி திரும்பி வந்திருந்துச்சு. தோட்டா ஒண்ணுகூட வரல, புதுசாவும் வாங்கல. வெறும் துப்பாக்கியைத்தான் மடியில வெச்சுக்கினு உட்கார்ந்திருந்தாரு. பழக்கதோஷத்துல கிண்ணம் எடுத்தாரச் சொன்னாரு. அக்கா நின்ன அதே இடத்துல கீர்த்தி வந்து நின்னா.

கரண்ட் போச்சு. ஜன்னல் வழியா வந்த வெளிச்சத்துல ஆளுங்க நிழலாட்டம் தெரிஞ்சாங்க.

இருட்டுல துப்பாக்கி எண்ணெய் வாடை. அதோட மரிக்கொழுந்து வாசனை. அக்கா தலையில வெக்கிறது.

உருளையைத் திறந்து கவுத்தாரு. உள்ளே ஒண்ணும் இல்ல.

டிங்.

கிண்ணம் கீர்த்தி கையில அதிர்ந்துச்சு. மறுபடியும் டிங். அப்புறம் இன்னொண்ணு. அஞ்சோட நின்னுடுச்சு.

"ஒண்ணு குறையுதுப்பா," கீர்த்தி மெதுவா சொன்னா.

அவரு அவளைப் பார்க்கல. அவளுக்குப் பின்னாடி பார்த்தாரு.

"அது சிக்கல துர்கா," ன்னாரு. "நான்தான் விரலால அமுக்கிக்கினேன். அஞ்சு எண்ணிட்டு நீ நிமிர்ந்து பார்த்தே."

கரண்ட் வந்துச்சு. கீர்த்தி உள்ள போனா. அம்மா புடவை ஒண்ணை எடுத்தா, அதுல கிண்ணத்தைச் சுத்திக்கினா, எனக்கு முன்னாடி வாசலைத் தாண்டிட்டா.

அவர் வாயால சொன்னதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? இருட்டுல கேட்டது நாங்க ரெண்டு பேரு. மூணாவதா கேட்டவ சாட்சிக்கு வர மாட்டா. சொன்னாலும், மூடின கேஸை எவன் திறப்பான்?

அடுத்த வெள்ளிக்கிழமை முசரவாக்கத்துல எங்க வீட்டு சமையல்கட்டு. நான் அரிசி களைஞ்சுக்கினு இருந்தேன், கீர்த்தி வெங்காயம் உரிச்சுக்கினு இருந்தா. அலமாரியில கவுத்து வெச்ச கிண்ணம் நிமிர்ந்து இருந்துச்சு. நாங்க யாரும் தொடல.

டிங்.

"ஆறு," ன்னா கீர்த்தி. தலையைக்கூடத் தூக்கல.

கொஞ்ச நேரத்துல போன் வந்துச்சு. மாமாவோட பக்கத்து வீட்டு அம்மா. மாமா செத்துட்டாராம். துப்பாக்கியைத் துடைக்கறப்போ தவறி வெடிச்சிடுச்சாம். வீட்ல தோட்டாவே இல்லையே, எப்படிம்மான்னு என்னைக் கேக்குறாங்க.

கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன். காலி. எடுக்கப் போனேன், கை வெக்க முடியல. அவ்ளோ சூடு.