நாங்கள் சேர்க்காதவை

தப்பு செய்தது பாட்டில் கழுவுகிறவளாகவே இருந்துவிடட்டும்.

இப்படி ஒரு நினைப்பு தனக்குள் ஓடியதும் கடைக்காரிக்கு உடம்பு கூசியது. எதிரில் உட்கார்ந்திருந்த பரிசோதகர் அதைத் தன் முகத்திலிருந்தே படித்துவிடுவாரோ என்று பயந்தாள். குனிந்து பைக்குள்ளிருந்து நீல நிறக் கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பரிசோதகர் முப்பது வருடம் பொது ஆய்வுக்கூடத்தில் பாலையும் எண்ணெயையும் மருந்தையும் சோதித்து ஓய்வு பெற்ற பெண்மணி. சோதனைக்குழாய் போனபிறகும் சோதிக்கிற பழக்கம் போகவில்லை. யாருக்காவது எதிலாவது சந்தேகம் என்றால் அவர் வீட்டு மணியைத்தான் அடித்தார்கள். மணி அடித்த மறுநிமிடம், மாடியில் குடியிருந்த அவருடைய நாத்தனார் நோட்டுப்புத்தகத்தோடு இறங்கி வந்துவிடுவாள். இன்றும் வந்திருந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் பரிசோதகர்.

"எங்க பாட்டு டீச்சருக்கு. கொஞ்ச நாளா அரிப்பாம். இப்ப கழுத்தெல்லாம் தடிச்சு, சிவந்து, ரெண்டு நாள் ஸ்கூலுக்கே போகல. அவங்களுக்கு ஒரு பிரிசர்வேட்டிவ் ஒத்துக்காது. கிரீம் கெடாம இருக்கறதுக்குக் கம்பெனிக்காரங்க போடற மருந்து. அது இல்லாத இடமாத் தேடித்தான் ரெண்டு வருஷமா என்கிட்ட வாங்கறாங்க. டாக்டர் கிரீமை லேபுக்கு அனுப்பினாரு. அதே மருந்து இருக்காம்."

"நீங்க போடறதில்லை?"

"கடைக்குள்ள காலை வெச்சதும் முதல்ல தெரியறதே ஒரு பலகை. 'நாங்கள் சேர்க்காதவை'ன்னு தலைப்பு. கீழ ஒன்பது பொருள் எழுதியிருக்கேன். மூணாவதா இருக்கறது இந்த மருந்துதான்."

"டீச்சர் என்ன கேக்கறாங்க?"

"கத்தியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். 'எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்'னாங்க." கடைக்காரி நிறுத்தினாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. என் கடையில இருக்கறதே அந்தப் பலகை ஒண்ணுதாங்க. அது பொய்யின்னா நான் எதை விக்கறது?"

"போட்டிக்காரன் வேலை அண்ணி!" நாத்தனார் பேனாவைத் திறந்தாள். "எதிர்த்த கடை என்ன கடை?"

"செருப்புக் கடை."

நாத்தனார் எழுதியதை அடித்துவிட்டு, "பக்கத்துக் கடை?" என்றாள்.

"சாவி செய்யறவர்."

"உன் பேனாவை மூடு," என்றார் பரிசோதகர். "கிளம்பு, கடையைப் பாக்கலாம்."

கடை சின்னதுதான். சுவரோரமாகக் குழாய் வைத்த பீப்பாய்களில் ஷாம்பும் எண்ணெய்களும். மரப்பலகையில் உறை போடாத சோப்புக்கட்டிகள், கம்பியால் அறுத்த தடம் அப்படியே தெரிய. பிளாஸ்டிக் என்று கண்ணில் படுவதற்கு எதுவும் இல்லை. வாடிக்கையாளர்கள் அவரவர் ஜாடியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கடையில் அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுநாள் நிரப்பி, தயாரித்த தேதியைப் பேனாவால் எழுதிய காகித லேபிளை ஒட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். கிரீமின் ஆயுள் மூன்று வாரம். அதையும் எழுதித்தான் கொடுத்தாள்.

கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். ஒன்றில் கடைக்காரியின் அக்கா அடுப்பும் தராசுமாக இருந்தாள். கிரீமை அவள்தான் கிண்டுவாள். இன்னொன்றில் தொட்டி நிறைய நுரையும், அதன் முன்னால் பாட்டில்காரம்மாவும். அவளுக்கு வேறு பேர் உண்டு. அந்தத் தெருவில் யாருக்கும் அது நினைவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் அக்கா, விசாரணை என்று கேட்டவுடன். "ஜாடியைச் சரியாத் தேய்க்கறதில்லை. மத்த கம்பெனிக் கிரீம் இருந்த ஜாடி எத்தனையோ வருது. அடியில ஒட்டிக்கிட்டிருக்கும்."

கடைக்காரி தொட்டிப் பக்கம் பார்த்தாள். தன் மனதுக்குள் ஓடியதையே இன்னொருத்தி சத்தமாகச் சொல்லும்போது அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

பரிசோதகர் முதலில் தொட்டியடிக்குத்தான் போனார். நீல ஜாடியைக் காட்டினார்.

"டீச்சரம்மாதுதானே?" பாட்டில்காரம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "மூடியில நசுங்கல் இருக்கு பாருங்க. ரெண்டு வருஷமா இதே ஜாடி. இதுல வேற எதையும் ஊத்தினதே கிடையாது. கழுவுறவளுக்குத் தெரியாதா? எந்த ஜாடி எந்த வீட்டுதுன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்."

"வேலை எப்படி? கஷ்டமா?"

"முன்னாடி கஷ்டம்மா. கிரீம் ஜாடியெல்லாம் அடியில பூஞ்சையோட வரும், பச்சையும் கறுப்புமா. கரண்டியால சுரண்டிச் சுரண்டி நகமே போச்சு. இந்த ரெண்டு மாசமாப் புண்ணியம். பூஞ்சை பிடிச்சு ஒரு கிரீம் ஜாடிகூட வரல."

"தெளிக்கிற பன்னீர் பாட்டில்?"

"அதை ஏன் கேக்கறீங்க! இன்னிக்கும் உள்ள பாசி பிடிச்சு வழவழன்னுதான் வருது. வாரம் தவறாம."

நாத்தனார் இரண்டையும் எழுதிக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணி 'ம்' என்று சொன்ன விதத்தில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

அடுப்பறையில் பெரிய பாத்திரம் ஒன்றும், அதன் பக்கத்திலேயே உள்ளங்கையில் அடங்குகிற பாத்திரம் ஒன்றும் கவிழ்த்து வைத்திருந்தது. நாத்தனார் சின்னதைத் தூக்கினாள்.

"இந்தக் குட்டி யாருக்கு? பொம்மைக்குச் சமைக்கவா?"

"என் பேத்திக்கு," என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் முகம் இளகிற்று. "அவளுக்குத் தோல் வறண்டு வெடிக்கும். ஒவ்வொரு தடவை கிண்டும்போதும் அவளுக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சிடுவேன்."

"அதே கிரீமா?"

"அதேதான். அதே எண்ணெய், அதே தேன்மெழுகு, அதே பன்னீர்."

பரிசோதகர் கடைக்காரியிடம் திரும்பினார். "எண்ணெய் எங்கிருந்து?"

"ஒரே செக்குல. அதே பீப்பாய்லதான் தலைக்குத் தேய்க்கறதும் விக்கறோம். டீச்சரும் வாங்குவாங்க."

"அது அவங்களுக்கு ஒண்ணும் செய்யல?"

"இல்லை. கேட்டுட்டேன்."

"தேதி தாண்டிப்போன கிரீமை என்ன செய்வீங்க?"

"ஃபிரிட்ஜுல கீழ்த்தட்டு. மாசக் கடைசியில பாட்டில்காரம்மா எடுத்துக் காலி பண்ணிக் கழுவிடுவாங்க."

பரிசோதகர் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து குந்தி உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்திருந்த நேரம் கடைக்காரிக்கு மிக நீளமாக இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முந்தைய மழை நாள் ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த வாரம் திரும்பிவந்த ஜாடிகள் இருபத்தாறு. எல்லாவற்றிலும் பூஞ்சை. தரையில் உட்கார்ந்து, கடையை மூடிவிடுகிறேன் என்று அழுதாள். அக்கா தலையைத் தடவி, "போய்ப் படு. நான் பாத்துக்கறேன்," என்றாள். அதன்பிறகு பூஞ்சையோடு ஜாடிகள் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று அவள் கேட்கவும் இல்லை. நல்லது நடக்கும்போது யார் ஏன் என்று கேட்கிறார்கள்? அப்படித்தான் இருந்தாள். ஆனால் இப்போது, முதுகு மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்மணியைப் பார்க்கப் பார்க்க, கேட்காமல் இருந்ததற்கும் ஒரு முயற்சி தேவைப்பட்டிருக்கிறது என்று தோன்றியது.

பரிசோதகர் ஆறு ஜாடிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஐந்து பெரியவை. ஆறாவது, கழுத்தில் மஞ்சள் நூல் கட்டிய சின்ன ஜாடி.

"எல்லாரும் இங்க வரீங்களா?" என்றார். "பாட்டில்காரம்மா, நீங்களும்தான்."

மற்றவர்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். பாட்டில்காரம்மா மட்டும் வாசற்படியோடு நின்றுகொண்டாள்.

"ஜாடியிலிருந்து வந்திருக்க முடியாது," பரிசோதகர் சாதாரணமாகப் பேசினார், கடிதம் ஒன்றைப் படித்துக் காட்டுவதுபோல. "டீச்சர் ஜாடியில ரெண்டு வருஷமா உங்க கிரீமைத் தவிர வேற எதுவும் இருந்ததில்லை. அதோட, அழுக்கு ஜாடி ஒண்ணுன்னா ஒருத்தருக்குத்தான் கெடுதல். இங்க ரெண்டு மாசமா எந்த வீட்டு ஜாடியிலயும் பூஞ்சை இல்லை. அப்ப மருந்து ஒரு ஜாடியில இல்லை. கிண்டற பாத்திரத்துலயே இருக்கு."

"எண்ணெய்!" என்றாள் நாத்தனார்.

"அதே எண்ணெயை டீச்சர் தலைக்குத் தேய்க்கறாங்க. ஒண்ணும் ஆகல."

"அப்ப பன்னீர்!"

"பன்னீர்ல மருந்து இருந்தா அந்த பாட்டில் ஏன் வழவழன்னு வருது? பன்னீர் சுத்தம். மெழுகு தானாவே கெடாது, அதுல யாரும் மருந்து கலந்து விக்க வேண்டிய அவசியம் இல்லை. வெளியிலிருந்து வர்ற எதுலயும் இல்லாத ஒண்ணு, கிண்டும்போதுதான் சேர்ந்திருக்கணும்."

பரிசோதகர் ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"ஆறுலயும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து. நாலு வாரம் ஆச்சு. இந்த அஞ்சும் இன்னிக்குக் கிண்டின மாதிரி இருக்கு." மஞ்சள் நூல் கட்டிய ஜாடியை வெளிச்சத்துக்குச் சாய்த்தார். வெண்மையின் நடுவில் காசளவுக்குச் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல ஏதோ பூத்திருந்தது. "இது மட்டும் கெட்டுப்போச்சு. கெட வேண்டிய நாள்ல, கெட வேண்டிய மாதிரி."

"இந்த மாசம் என் பொண்ணு வந்து எடுத்துக்கிட்டுப் போகல," என்றாள் அக்கா. பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே புரிந்தது.

"ஊருக்குக் கிண்டினதுல மருந்து இருக்கு," என்றார் பரிசோதகர். "பேத்திக்கு எடுத்து வெச்ச அப்புறம் அது சேர்ந்திருக்கு."

நாத்தனார் பேனாவை மூடினாள். கண்டுபிடித்ததும் துள்ளுகிறவள், இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விஷமெல்லாம் இல்லை," அக்காவின் குரல் உயர்ந்தது. "அனுமதிச்ச அளவுதான். கிராம் கணக்கா நிறுத்துத்தான் போட்டேன். எல்லாரும் போடறாங்க! எனக்கு என்ன லாபம்? நீ அன்னிக்கு இதே தரையில உக்காந்து அழுதியே, அதைப் பாக்க முடியாமத்தான்டி போட்டேன்."

"நீங்க சொல்றது சரி," என்றார் பரிசோதகர். "நூத்துல தொண்ணூத்தொம்பது பேருக்கு அது ஒண்ணும் செய்யாது."

கடைக்காரி சின்ன ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விஷமில்லைன்னா பாப்பாவுக்கு ஏன்கா போடல?"

கடைக்காரி பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த மஞ்சள் நூலைத் தினமும் பார்த்தவள் அவள். கீழ்த்தட்டைத் தினமும் திறந்தவள் அவள். அடுத்தடுத்து இருந்த இரண்டு வெள்ளைகளை அவள் ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இந்தக் கேள்வியில் பாதி தனக்கும்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் அறிக்கை ஏதும் எழுத வரல," என்று பரிசோதகர் எழுந்தார். "எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்க. சொல்லிட்டேன். டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியது நீங்க." நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய் சோப்புக்கட்டிகளைப் பார்ப்பதுபோல நின்றார். பாட்டில்காரம்மா அதற்கு முன்பே தொட்டிக்குப் போயிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கடைக்காரி கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசியை எடுத்தாள். அக்கா பின்னாலேயே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை கேளு. ஜாடி மாறிப்போச்சுன்னு சொல்லிடு. கழுவும்போது மாறிடுச்சு, இனிமே ஆகாதுன்னு. டீச்சர் நல்லவங்க, நம்பிடுவாங்க. நான் சத்தியமா இனி அதைத் தொட மாட்டேன்."

"அப்ப கழுவுறவங்க?"

"ஒரு மாசம் வர வேண்டாம்னு சொல்லலாம். வீட்டுல இருக்கட்டும், சம்பளம் குடுத்துடலாம். அப்புறம் கூப்பிட்டுக்கலாம். அவங்க ஒண்ணும் நினைக்க மாட்டாங்க." அக்காவின் விரல்களில் இன்னும் பன்னீர் வாசம் இருந்தது. "உனக்காகச் செஞ்சேன்டி. எனக்காக இது ஒண்ணு சொல்ல மாட்டியா?"

உள்ளே பாட்டில்காரம்மா நீல ஜாடியைக் கழுவி முடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துளி கறைகூட இல்லை. ஆனாலும் திருப்தியில்லாமல் மறுபடியும் தண்ணீரில் அலசினாள். காலையில் பரிசோதகர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி தான் என்ன வேண்டிக்கொண்டோம் என்பது கடைக்காரிக்கு வரி மாறாமல் ஞாபகம் வந்தது. அக்கா கேட்பது புதிதாக ஒன்றுமில்லை.

அவள் டீச்சரின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடித்தது. "சொல்லுங்க," என்றது டீச்சரின் குரல்.

கடைக்காரி அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், மணிக்கட்டிலிருந்து எடுத்துவிட்டாள்.

"மாட்டேன்கா," என்றாள் மெதுவாக. பிறகு தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டாள்.