அடி கருகிய கேக்

பண்டிகை நாள் காலையில் அந்தக் குடியிருப்பின் படிக்கட்டில் தட்டுகளுக்குத்தான் முதல் மரியாதை. துணி போட்டு மூடிய பலகாரத் தட்டு ஒன்று மேலிருந்து இறங்கும். இன்னொன்று கீழிருந்து ஏறும். வெறுங்கையோடு வருகிற ஆள் சுவரோடு ஒட்டி நின்று தட்டுக்கு வழிவிடுவார்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் கடுகு தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆள் சிறிசு, பேச்சு காரம் என்பதால் வீட்டில் வைத்த பெயர்தான் கடைசியில் நிலைத்துவிட்டது.

சரக் சரக் என்று செருப்புச் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுத் தையல் அத்தை. தொம் தொம் என்றால் பஸ் ஓட்டும் மாடிவீட்டு மாமா. சத்தம் நெருங்கி வரும். கடுகு மூச்சைப் பிடித்துக்கொள்வாள். சத்தம் கதவைத் தாண்டிப் போய்விடும்.

போன வருடமும் அப்படித்தான். அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான்.

"அம்மா, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் யாரும் தட்டு கொண்டு வர்றதில்லை?"

"நமக்கு எதுக்குடி? உங்கப்பாதான் ஊருக்கே கேக் போடறாரே" என்றாள் அம்மா.

அப்பாவுக்குத் தெருமுனையில் பேக்கரி. பண்டிகை வாரத்தில் சாயங்காலம் போனால் மறுநாள் காலையில்தான் வருவார், புருவமெல்லாம் மாவாக. பகலில் கல்லாவில் அம்மா உட்காருவாள். செய்தது எல்லாம் விற்றுப்போகும். வீட்டுக்கு வருவது ரொட்டியின் ஓரத் துண்டுகளும், விருந்தாளி வந்தால் வெட்டலாம் என்று எடுத்து வைத்த ஒரே ஒரு கேக்கும்தான். பண்டிகை அன்று கடைக்கு விடுமுறை. அப்பா தூங்குவார். விருந்தாளி யாரும் வர மாட்டார்கள்.

"அப்பாவுக்குக் கேக்கே பிடிக்காதாம்மா?" என்று கேட்டான் தம்பி.

"பிடிக்காம என்ன? தான் செஞ்சதையே தின்னு தின்னு அலுத்துப்போச்சு. வேற யாராவது செஞ்சு குடுத்தா ஆசையாச் சாப்பிடுவார். யார் குடுப்பா?"

இந்தப் பண்டிகைக்கு ஒரு தட்டாவது நம் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று கடுகு முடிவு செய்தாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் அம்மா கொடுத்தனுப்பிய புதுக் கவுனோடு தையல் அத்தை வீட்டுக்குப் போனாள். கவுன் அவளைவிட நீளம். கீழே மடித்துத் தைக்க வேண்டும்.

அத்தையின் கழுத்தில் அளவு நாடா. வாயில் குண்டூசிகள். கடுகைப் பார்த்ததும் அத்தை எழுந்து ஓடி, தைக்க வந்த யாரோ ஒருவரின் சட்டையை எடுத்துக் கட்டிலின்மேல் விரித்தாள்.

"அது என்ன அத்தை?"

"எது?"

"அந்தச் சட்டைக்கு அடியில."

அத்தை குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "சட்டைக்கு அடியில கட்டில்."

"கட்டிலா வெண்ணெய் வாசனை அடிக்குது?"

மூலையில் பஸ் மாமா உட்கார்ந்திருந்தார். கால்சட்டையின் இடுப்பை விரிக்கக் கொடுத்திருந்தார். அவர் சிரித்துவிட்டார்.

"எடுத்துடும்மா சட்டையை. நாளைக்கு அதைப் போடறவன் பின்னாடி நாயெல்லாம் வரப்போகுது."

சட்டைக்கு அடியில் பிஸ்கட்டுகள். ஒன்று முழு நிலா, ஒன்று அரை நிலா, ஒன்றில் நிலாவே இல்லை, வெறும் மேகம். கடுகுக்கு நாக்கில் நீர் ஊறியது.

"இதை ஏன் அத்தை மறைக்கறீங்க? எங்க வீட்டுக்கு ஒரு தட்டுகூட ஏன் வர்றதில்லை?"

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார். கடைசியில் மாமாதான் பேசினார்.

"நான் ஒரு தடவை கொண்டு வந்தேன் கடுகு. நீ அப்போ ரொம்பச் சின்னப் பொண்ணு. என் கையாலேயே பிசைஞ்சு, வெட்டி, சுட்டு எடுத்துட்டு வந்தேன். உங்கப்பா என்ன பண்ணினார் தெரியுமா? ஒரு பிஸ்கட்டை எடுத்தார். திருப்பினார். அடியைப் பார்த்தார். நகத்தால டொக் டொக்னு தட்டினார். கடிச்சார். 'ம்'னார். கதவைச் சாத்திட்டார். எனக்கு லைசென்ஸ் குடுத்த ஆள்கூட என்னை அப்படிப் பார்க்கலை."

"அன்னையிலேருந்து இந்தக் கட்டடத்தில ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது" என்றாள் அத்தை.

கடுகு சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கவுன் கீழே விழுந்தது.

"ஐயோ மாமா! ரொட்டி வெந்திருக்கான்னு அடியைத் தட்டித்தான் பார்ப்பாங்க. அதே பழக்கம் அப்பாவுக்கு எல்லாத்திலயும் வரும். சோப்பு வாங்கினாலும் திருப்பித் தட்டுவார். போன வாரம் என் புதுச் செருப்பையும் தட்டினார்!"

"செருப்பும் என் பிஸ்கட்டும் ஒண்ணா?" என்றார் மாமா.

"இல்லை மாமா. செருப்புக்கு 'ம்' சொல்லலை. அப்பா 'ம்' சொன்னா ரொம்ப நல்லாயிருக்குன்னு அர்த்தம்."

"எது எப்படியோ" என்றாள் அத்தை, கவுனை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டே. "வாத்தியார் சிவப்புப் பேனாவைச் சும்மா கையில பிடிச்சிருந்தாலும் நமக்குப் பக்குனுதான் இருக்கும். கொல்லன் தெருவுல ஊசி விக்கற துணிச்சல் எனக்கு இல்லைடியம்மா."

பெரியவர்களும் பரீட்சைக்குப் பயப்படுவார்கள் என்பது கடுகுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலை. அப்பா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் ஒரு கேக் செய்யப் போறேன். நான் முதல்ல தட்டு கொண்டு போனா, அவங்களும் கொண்டு வருவாங்க இல்லையா?"

"எதுல செய்வே?"

"நம்ம அடுப்புலதான்."

"அதுக்குள்ளே பாத்திரமில்ல இருக்கு!"

பேக்கரிக்காரர் வீட்டுக் கேக் அடுப்பு பல வருடங்களாக அலமாரி வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து மூடிகளும் வாணலிகளும் வந்தன. காணாமல்போன கரண்டி ஒன்று வந்தது. யாரோ ஒளித்து வைத்த கணக்குப் பரீட்சைத் தாளும் வந்தது. தம்பி அதை வாங்கி அவசரமாகப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

கடுகு மாவு சலித்தாள். முட்டை அடித்தாள். தம்பி கிண்ணத்தை நக்கினான். அடுப்பை மூட்டிக் கேக் தகரத்தை உள்ளே வைத்தது அம்மா.

"பக்கத்திலேயே நின்னு பார்த்துக்கோ. நான் துணி காயப்போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா மொட்டை மாடிக்குப் போனாள்.

கடுகு பக்கத்திலேயேதான் நின்றாள். படிக்கட்டில் தட்டுகள் நடமாடத் தொடங்கும் வரை. சரக் சரக். கடுகு கதவுக்கு ஓடினாள். சத்தம் தாண்டிப் போயிற்று. தொம் தொம். அதுவும் போயிற்று. குதிகால் செருப்பு ஒன்று, இழுத்து இழுத்து நடக்கும் ரப்பர் செருப்பு ஒன்று. எல்லாம் போயின.

"அக்கா, வீட்ல ஏதோ புகையுது" என்றான் தம்பி.

அம்மா ஓடி வந்து தகரத்தை வெளியே எடுத்தபோது கேக்கின் நடுப்பகுதி கிண்ணம் போலக் குழிந்திருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடி கன்னங்கரேல் என்று இருந்தது.

"இது கேக்கா, தார் ரோடா?" என்றான் தம்பி.

கடுகின் உதடு பிதுங்கியது. அம்மா அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"போனாப் போகுது. அப்பா எடுத்து வச்ச கேக் பெட்டியில இருக்கு. அதை வெட்டித் தர்றேன். எல்லாருக்கும் கொண்டு போய்க் குடு."

பெட்டியைத் திறந்தாள். வெள்ளை வெளேர் என்று ஒரு கேக். ஓரங்கள் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல நேராக இருந்தன. மேலே சர்க்கரைப் பூக்கள்.

கடுகு அந்தக் கேக்கைப் பார்த்தாள். தன் கேக்கைப் பார்த்தாள். இந்தப் பூப்போட்ட கேக்கைக் கொண்டுபோனால் தையல் அத்தை பிஸ்கட்டின்மேல் இன்னும் நாலு சட்டை போட்டு மூடுவாள்.

"அம்மா, நான் என்னோடதையே கொண்டு போறேன்."

"பேக்கரிக்காரர் வீட்டுக் கேக்கா இதுன்னு கேப்பாங்கடி!"

"கேக்கட்டும்மா. அதுக்குத்தான்."

அவளே துண்டு போட்டாள். கத்தி கொஞ்சம் மல்லுக்கட்டியது. தட்டைத் துணியால் மூடிக்கொண்டு மாடி ஏறினாள்.

கதவைத் திறந்த பஸ் மாமா தட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். "அடடே, பேக்கரி கேக்கா!"

"இல்லை மாமா. நான் செஞ்சது. எடுத்துத் திருப்பிப் பாருங்க."

"நானா?"

"ஆமா. தட்டியும் பாருங்க."

மாமா ஒரு துண்டைத் திருப்பினார். நகத்தால் தட்டினார். கதவைத் தட்டினதுபோலச் சத்தம் கேட்டது. மாமாவின் மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மேல் பாதி கேக், கீழ்ப் பாதி டயர்!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஒரு வாய் கடித்தார். "ஆனா மேல் பாதி நல்லாயிருக்கு. நிஜமாத்தான் சொல்றேன். உங்கப்பா பார்த்துட்டாரா?"

"இன்னும் இல்லை. எழுந்ததும் பார்ப்பார்."

"திருப்பிப் பார்ப்பாரே!"

"பார்ப்பார் மாமா. கொஞ்சம் பயமாத்தான் இருக்கு." கடுகு தட்டின் ஓரத்தைத் தடவினாள். "உங்க பிஸ்கட்டும் பக்கத்துல இருந்தா என் கேக்குக்குத் துணையா இருக்கும்."

மாமா தலையைச் சொறிந்தார்.

தையல் அத்தையும் திருப்பிப் பார்த்தாள். "அடி சண்டாளி! இஸ்திரிப் பெட்டி வச்சா சுட்டே?" என்று சிரித்தாள். துணை வேண்டும் என்றதும் அவளும் பேச்சை மாற்றிவிட்டாள்.

கடுகு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். குறட்டை நின்றது. முடி நட்டுக்கொண்டு நிற்க, அப்பா சமையலறைக்கு வந்தார். மேசைமேல் மிச்சமிருந்த கேக் துண்டைக் கண்டார். எடுத்தார். திருப்பினார். தட்டினார். அம்மாவும் தம்பியும் அசையாமல் நின்றார்கள்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டில் தொம் தொம் என்று கேட்டது. கூடவே சரக் சரக்.

"நீங்க முன்னாடி போங்க."

"ஏன், நீதான் போயேன்."

"பெரியவர் நீங்கதானே!"

சத்தம் வாசலில் நின்றது. மணி அடித்தது.

கடுகு கதவைத் திறந்தாள். மாமா கையில் மூடிய தட்டு. அத்தை கையில் மூடிய தட்டு.

"பேக்கரித் தம்பி, இது உங்களுக்குன்னு கொண்டு வரலை" என்றார் மாமா விறைப்பாக. "உங்க பொண்ணோட கேக்குக்குத் துணைக்கு வந்திருக்கு."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் துணி விலகியதும் அவர் கண் விரிந்தது. ஒரு பிஸ்கட்டை எடுத்தார். கட்டைவிரல் தானாக அதைத் திருப்பியது. நகம் டொக் என்று தட்டியது.

"அப்பா!" என்றாள் கடுகு.

"என்னம்மா?"

"திருப்பறீங்க!"

"எதை?" அப்பா தன் கையைப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குப் போட்ட மோதிரத்தையே திருப்பித் தட்டிப் பார்த்தவர்தானே" என்றாள் அம்மா.

மாமா பழைய கதையைச் சொன்னார். அப்பாவின் காது சிவந்தது.

"அண்ணே, அதுக்காகவா இத்தனை வருஷமா ஒண்ணும் குடுக்கலை? அன்னைக்குக் குடுத்த பிஸ்கட்டை இவங்க கண்ணுலயே காட்டாம முழுசா நானே தின்னேன்!"

"அடப்பாவி!" என்றாள் அம்மா.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றார் மாமா.

"சொன்னேனே அண்ணே. 'ம்'னு."

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கியும் ஏறியும் போயிற்று. என்ன விஷயம் என்று மேலேயும் கீழேயும் கதவுகள் திறந்தன. கொஞ்ச நேரத்தில் குதிகால் செருப்பு வந்தது. ரப்பர் செருப்பு வந்தது. மேசை நிறைந்து, மேற்கொண்டு வந்த தட்டுகளை ஜன்னல் விளிம்பில் வைக்க வேண்டியதாயிற்று.

அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டேயிருந்தார். யாரும் இப்போது அதைக் கண்டுகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பூப்போட்ட கேக்கை அம்மா வெட்டிக் கொடுத்தாள். கடுகின் கேக்கில் கருகிய பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு மேல் பாதியை அப்பாவே முடித்துவிட்டார். கடைசித் துண்டை யாருக்கும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் தட்டுகளைக் கழுவி, யார் யாருடையது என்று குழம்பி, கடுகும் தம்பியும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். போன வீட்டிலெல்லாம் உட்கார வைத்து இன்னும் ஏதாவது தின்னக் கொடுத்தார்கள்.

"அம்மா, ராத்திரிக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்றாள் கடுகு திரும்பி வந்து.

மற்ற நாளாக இருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டாள். அன்று ராத்திரிக்கு அவள் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.