ஆமையின் பதினான்கு வினாடிகள்

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள்முதல் சாலைகளில் சிந்திய இரத்தம் அத்தனைக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: கவனக்குறைவு. லாரி கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி இதைச் சொல்லி, கைதட்டலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, கம்பீரமாக ஓர் அடி பின்வாங்கினார். மைக் வயர் காலில் சிக்கி, நாற்காலியின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

“பார்த்து சார்,” என்றார் முன்வரிசையில் இருந்த மூத்த டிரைவர். “கவனம்.”

கூடமே சிரித்தது. அதிகாரியும் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தார். ஆனால் அவர் கண் மடிக்கணினியின் திரையில்தான் இருந்தது. கடைசி வீடியோவின் கீழே பத்தொன்பது வினாடி என்று காட்டியது. அதைப் பதினான்கு வினாடிக்கு வெட்டியவர் அவரே. காலையில் பார்த்தபோது பதினைந்து இருந்தது. தன் ஞாபகத்தைத் திட்டினார். சாப்பாட்டுக்கு முன் பதினாறு. கணினி இலாகாக் குமாஸ்தாவைத் திட்டினார். இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லை.

எல்லா லாரியிலும் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கேமரா உண்டு. அதற்கு இரண்டு கண்; ஒன்று சாலையைப் பார்க்கும், மற்றது டிரைவரின் முகத்தைப் பார்க்கும். வண்டி குலுங்கினால் அது தானாகவே ஒரு துண்டு வீடியோவை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். மாதம் ஒருமுறை மதியம் மூன்று மணிக்கு, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, டீசல் வாடையும் வியர்வைச் சட்டை வாடையும் புரொஜெக்டரின் சூட்டில் வெந்த தூசி வாடையும் கலந்த அந்தக் கூடத்தில், அதிகாரி அவற்றைப் போட்டுக் காட்டுவார். கொட்டாவி விட்டவன், முழங்காலால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தலை சீவியவன், பக்கத்து வண்டிக்காரனோடு சண்டை பிடித்தவன். ஒவ்வொன்றின் அடியிலும் காரணம் எழுதியிருக்கும். எழுதியது அவர்.

கடைசி வீடியோ ஆமையுடையது. ஐம்பதைத் தாண்டி ஒருநாளும் ஓட்டாததால் சக டிரைவர்கள் வைத்த பெயர். மூன்று வாரத்துக்கு முன் ஆமையின் லாரி பாலத்துச் சுவரில் மோதியது. வீடியோவில் அவன் காதில் போன் இருந்தது. அதற்கு முந்தைய பகுதியை அதிகாரி அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்தார், வெட்டினார், அழித்தார். சத்தத்தையும் எடுத்துவிட்டார். பிறகு வீட்டுக்குப் போய்க் கைகளை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்.

இன்று பின்வரிசையில் ஆமையின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“மனசு தாங்காதும்மா,” என்று அவள் உள்ளே வரும்போதே வாசலில் அதிகாரி சொல்லிப் பார்த்திருந்தார்.

“தாங்கின வரைக்கும் பார்க்கறேன் சார். பொண்ணை ஸ்கூல்ல கேலி பண்றாங்க. உங்கப்பா போன்ல அரட்டை அடிச்சே செத்தாராமேன்னு. நீங்க எழுதிக் கொடுத்த காகிதத்துலயும் அப்படித்தான் இருக்கு.”

“அதுல இருக்கறது உண்மைதானேம்மா.”

“ஓட்டறப்ப நான் கூப்பிட்டா எடுக்கவே மாட்டார் சார். எனக்குப் பிரசவ வலி வந்து கூப்பிட்டேன், அப்பக்கூட எடுக்கல. வண்டிய ஓரங்கட்டிட்டுத்தான் கூப்பிட்டார். அதுக்கு அவரை ஒரு வருஷம் திட்டினேன்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “யார் கூப்பிட்டா எடுத்திருப்பார்?”

“நண்பர்கள் இருப்பாங்க.”

“அவருக்கு ஏது சார் நண்பர்கள்? எங்களை விட்டா கம்பெனிதான்.”

அதிகாரி மைக்கின் பக்கம் நடந்தார். அவசரப் பாதுகாப்புத் தகவல் ஒன்றைச் சொல்லத்தான் கூப்பிட்டோம் என்று மூன்று வாரமாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லி, கிட்டத்தட்ட நம்பியும் விட்டிருந்தார். என்ன தகவல் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

“கடைசி வீடியோ வேண்டாம்,” என்றார் மைக்கில். “நேரமாச்சு.”

“போடுங்க சார்,” என்றார் மூத்த டிரைவர். இப்போது அவர் சிரிக்கவில்லை. “தங்கச்சி அதுக்குத்தானே வந்திருக்கு?”

அதிகாரி கையிலிருந்த ரிமோட்டை அணைக்கத்தான் அழுத்தினார். திரையில் ஆமையின் முகம் வந்தது.

காதில் போன் இல்லை.

இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். வாயில் ஏதோ முணுமுணுப்பு, கணக்கோ பாட்டோ. எஞ்சினின் உறுமல் கூடத்தின் பலகைகளில் அதிர்ந்தது. அழித்த சத்தம். மணி அடித்தது. ஆமை திரும்பவில்லை. மணி ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவன் தலையை ஆட்டினான், இப்போது முடியாது என்பதுபோல. ஓரங்கட்ட இடம் தேடி இடப்பக்கம் பார்த்தான். பாலம். இடமில்லை.

மூன்றாவது மணி.

ஆமை போனில் இருந்த பெயரைப் பார்த்தான். ஒரு கையால் சட்டையின் மேல் பொத்தானை அவசரமாகப் போட்டுக்கொண்டான். பிறகு எடுத்தான்.

“சொல்லுங்க சார்.”

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

அதிகாரி ரிமோட்டை அழுத்தினார். அழுத்தினார். மடிக்கணினியை மூடினார். படம் நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினார். நிற்கவில்லை.

சுவர். கண்ணாடி. சத்தம்.

இங்கே முடிய வேண்டும். இங்கேதான் வெட்டியிருந்தார்.

முடியவில்லை.

தூசி மெல்ல அடங்கியது. ஸ்டீயரிங் ஆமையின் நெஞ்சுக்குள் இருந்தது. தலை தோளில் சாய்ந்திருந்தது. எங்கோ ஏதோ சொட்டியது. சொட். சொட். காலடியில் விழுந்த போனிலிருந்து ஒரு குரல் கேட்டது, கூடத்தில் எல்லோருக்கும் பழக்கமான, மைக் இல்லாமலே கணீரென்று இருக்கும் குரல்.

“என்ன சத்தம் அங்க? கேக்குதா? நேத்து வாட்ஸ்அப் க்ரூப்ல என் பேச்சு வீடியோ போட்டேனே, பார்த்தியா? நாப்பத்தாறு பேர் கட்டைவிரல் போட்டாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி.”

யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரையைப் பார்க்கவும் இல்லை. எல்லாத் தலைகளும் அதிகாரியின் பக்கம் திரும்பியிருந்தன. அவள் தலையும்.

அவர் மட்டும் திரையைப் பார்த்தார்.

ஆமையின் கண் திறந்தது. கேமராவுக்குள் பார்த்தது. கேமராவைத் தாண்டி. அவரை.

நசுங்கிய வலது கை அசைந்தது. எலும்பு தெரிய, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பின்பக்கமாக ஒடிந்து தொங்கிய கட்டைவிரல், நடுங்கி நடுங்கி, நிமிர்ந்தது. திரையை நிறைத்தது. அப்படியே நின்றது.

அவர் மூன்று முறை கூப்பிட்டது அதற்காகத்தான்.