வீட்டை வந்து சொல்லவேணும்

அந்த இருக்கையில் ஒரு கறுப்பு ஜாக்கெற் சாய்ந்து உட்கார்ந்திருந்தது... தோள்கள் நிமிர்ந்து, காசு கொடுத்து வந்த கனவான் மாதிரி.

டான்போர்த் வீதியில் இருந்த அந்தப் பழைய தியேட்டரில் இருக்கைகளுக்கு எண் கிடையாது. முந்தியவருக்கு இடம், பிந்தியவருக்குக் கழுத்து வலி. ஞாயிறு மதியம், வெளியே கொட்டுகிற மழை... ரொறன்ரோவில் போக்கிடம் இல்லாதவர்கள் எல்லோரும் அந்தப் பழைய அமெரிக்கப் படத்துக்கே வந்துவிட்டது போலிருந்தது. மெலனி குடையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அந்த வரிசையில் வந்து நின்றாள்.

ஆள் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆள் வருகிறது என்று பக்கத்து இருக்கைக்காரன் ஆங்கிலத்திலேயே சொன்னான். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கண் வாசல் கதவில் இருந்தது. கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“ஜாக்கெற்றுக்கும் ரிக்கெற் எடுத்திருக்கிறார் போல...” என்று தமிழில் முணுமுணுத்தாள்.

“ஓம், எடுத்திருக்கு.”

அவன் இப்போது திரும்பினான். தூக்கமில்லாத கண்கள்... ஆனால் கோபமாகப் பார்க்கத் தெரியாத கண்கள். மெலனிக்குக் காது சூடானது.

“சொறி... நீங்கள் தமிழெண்டு தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா இங்கிலீஷில திட்டியிருப்பியள், என்ன?”

விளக்கு அணைந்தது. பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். “சரி, பேரம் பேசுவம்,” என்றாள் மெலனி தாழ்ந்த குரலில். “உங்கட ஆள் வந்தால் உடன எழும்புறன். அதுவரைக்கும் ஜாக்கெற் உங்கட மடியில இருக்கட்டும்.”

அவன் வாசலை இன்னொரு முறை பார்த்தான். பிறகு மெதுவாக ஜாக்கெற்றை எடுத்தான்... விட்டுக்கொடுக்க மனமில்லாதவன் கடைசி விலைக்குத் தலையாட்டுவதுபோல.

படத்தில் ஒரு பனி ஊர். மகனோடு பேச்சை முறித்துக்கொண்ட தகப்பன். ஆண்டுகள் கழித்து மகன் திரும்பி வருகிறான். வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான்... கை அந்தரத்தில் நிற்கிறது. உள்ளே தகப்பன் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து, கதவருகே வந்து, அவரும் நிற்கிறார். இடையில் ஒரு பலகை மட்டும்...

“தட்டடா!” என்றாள் மெலனி, உரக்க, தமிழில்.

மூன்று வரிசை திரும்பியது. திரையிலிருந்தவனுக்குத் தமிழ் தெரியாது. அவன் தூக்கிய கையைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனான். மெலனி மூக்கை உறிஞ்சினாள். பக்கத்திலிருந்து ஒரு கைக்குட்டை வந்தது... நாலாக மடித்து, இஸ்திரி போட்ட கைக்குட்டை. இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள்?

வாங்கும்போது பார்த்தாள். அவனுடைய கண்ணும் நனைந்திருந்தது.

*

மழை விடவில்லை. எதிரே இருந்த கோப்பிக் கடையில் இருவரும் ஒதுங்கினார்கள்.

அவன் பெயர் ஜனார்த்தன். பிறம்ரனில் ஒரு லொறிக் கம்பனியில், சாரதிகளுக்குப் பாதை சொல்லி அனுப்புகிற வேலை. வீடு ஸ்ரௌவ்வில்லில். அவள் அஜின்கோர்ட்டில் பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்பவள்.

“ஆக்களின்ர வாயைத் திறக்க வைக்கிறதுதான் என்ர தொழில்,” என்றாள். “சொல்லுங்கோ. வராத ஆள் ஆர்? பொம்பிளையோ?”

“அப்பா.”

மெலனிக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. நிம்மதி வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

“நாங்கள் கனடாவுக்கு வந்த புதுசில அப்பா இங்கிலீஷ் பழகுறதுக்கெண்டு இந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் போடுவார். நானும் பக்கத்தில இருப்பன். படம் முழுக்க அவருக்கு மனப்பாடம்.” கோப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். “இப்ப கதைக்கிறேல்லை. நான் வீடு வாங்கிக் குடிபூரல் வச்சன். எல்லாரும் வந்தவை. அவர் வரேல்லை. அண்டைக்கு முழுக்கக் கதவைத் திறந்துவச்சுக்கொண்டு நிண்டனான்... அதோட நான் விட்டிட்டன். அம்மா இருந்திருந்தா ரெண்டு பேரையும் பிடிச்சு இழுத்திருப்பா. அவ இல்லை.”

“குடிபூரலுக்கு எப்பிடிச் சொன்னனீங்கள்?”

“வாட்ஸ்அப்பில.”

“அப்பாவுக்கு... தனியவா?”

“குறூப்பில. என்னோட பந்தடிக்கிற பெடியள், ஒபிஸ் ஆக்கள் எல்லாரோடையும்...” சொல்லும்போதே அவன் குரல் கொஞ்சம் தளர்ந்தது.

“இண்டையான் ரிக்கெற்?”

“அப்பாவின்ர தபால் பெட்டிக்குள்ள போட்டன்.”

மெலனி சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. “சீரியஸ்லி? தபால் பெட்டிக்குள்ள பிஸாக் கடைக்காரனும் தானே போடுறான்! எங்கட ஆக்கள் அதுக்கு வருவினமோ? கலியாணமோ குடிபூரலோ... வீட்டை போய், இருந்து, தேத்தண்ணி குடிச்சு, ‘கட்டாயம் வரவேணும்’ எண்டு சொல்லவேணும். அப்பதான் அது அழைப்பு. ஊரெல்லாம் லொறிக்குப் பாதை சொல்லுறியள்... அப்பா வீட்டுக்குப் பாதை தெரியேல்லையோ?”

அவன் முகம் மூடிக்கொண்டது... கடைக்காரன் கதவுத்தகட்டைச் சடாரென்று இறக்குவதுபோல.

“பெத்த மகன். எனக்கு என்ன சம்பிரதாயம்? அவர் ஒருக்கா போன் எடுத்திருக்கலாமே. நான் ஏன் முதல் போகவேணும்? உங்களுக்கு இது விளங்காது.”

“விளங்கும்.” அவள் சிரிப்பு போய்விட்டது. “அம்மாவுக்கு ஒரேயொரு அண்ணன். மாமா மகள் பெரியபிள்ளையாகி வச்ச சாமத்திய வீட்டுக்கு எங்களுக்கு அழைப்புக் காட் தபாலில வந்தது. அம்மா போகேல்லை. அதோட ரெண்டு குடும்பமும் முறிஞ்சுது. பிறகு எத்தினை விசேஷம் வந்தது... மாமா சொல்லவும் இல்லை, அம்மா போகவும் இல்லை. கடைசியில ஒரு நாள் ஆரும் சொல்லாமலே அம்மா மாமா வீட்டை போனா.”

“பிறகு?”

“செத்த வீட்டுக்குச் சொல்லத் தேவையில்லையெல்லோ.”

ஜனார்த்தன் கோப்பையைத் தள்ளி வைத்தான். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. மெலனி குடையை எடுத்தாள்.

“உங்கட நம்பர்...?” என்றான், மெல்ல.

“இண்டைக்கு இல்லை. அடுத்த ஞாயிறும் இதே படம் ஓடுது. நான் வருவன். ரெண்டு சீற் பிடிச்சு வைக்கிறன். அப்பாவோட வாங்கோ, நம்பர் தாறன். தனிய வாறதெண்டால்...” கதவைத் திறந்தாள். மழைச்சாரல் முகத்தில் அடித்தது. “என்னோட கதைக்க வரவேண்டாம்.”

“இது பேரமில்லை. மிரட்டல்!”

“ஓம்!” என்று குடைக்குள்ளிருந்து கத்திவிட்டுப் பேருந்தை நோக்கி ஓடினாள்.

*

அந்த வாரம் ஜனார்த்தனுக்கு எதிலும் இருப்புக்கொள்ளவில்லை. ஹமில்ரன் போகவேண்டிய லொறியைக் கிங்ஸ்ரனுக்கு அனுப்பினான். போகலாம் என்று நினைப்பான்... ஏன் போகவேண்டும் என்று நினைப்பான். வீட்டில் எல்லா அறைகளிலும் நடந்தான். அத்தனை பெரிய வீட்டில் உட்கார ஓர் இடம் இல்லை. கைக்குட்டையை அவள் திருப்பித் தரவில்லை என்பது திடீரென ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னாலேயே அந்த வார்த்தையும் வந்தது... ‘செத்த வீட்டுக்குச் சொல்லத் தேவையில்லையெல்லோ.’

சனிக்கிழமை காலை காரை எடுத்தான். அஜின்கோர்ட்டில் அப்பாவின் சேலைக்கடை வாசலில் நிறுத்தினான்.

நவரட்ணம் ஒரு பெண்மணிக்குப் பட்டுச் சேலையை விரித்துக்கொண்டிருந்தார். மகனைக் கண்டார். கை ஒரு கணம் நின்றது. பிறகு சேலையை இன்னும் ஒரு முழம் விரித்தார்.

“தம்பிக்கு என்ன காட்ட?”

“அப்பா... சொல்ல வந்தனான்.”

“என்னத்தை?”

“நாளைக்குப் படத்துக்கு...”

“உதோ?” சட்டைப்பையிலிருந்து ஒரு ரிக்கெற்றை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். போன வாரத்து ரிக்கெற். ஓரங்கள் மடிந்து, வியர்வை பட்டு மங்கியிருந்தது. “பிஸாக் கடை விளம்பரத்தோட கிடந்தது. பிஸா வாங்கினால் படம் இலவசமாக்கும் எண்டு நினைச்சன்.”

ஒரு வாரமாகச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்திருக்கிறார்! ஜனார்த்தன் ரிக்கெற்றின் மடிந்த ஓரங்களை விரலால் நீவினான். “நான் செய்தது பிழை அப்பா. குடிபூரலுக்கும்... இதுக்கும். கட்டாயம் வரவேணும்.”

நவரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

“கடையில சொல்லுறது அழைப்போடா? கடையில நான் வியாபாரி. வீட்டை வந்து சொல்லவேணும்.”

சொன்னவர் கடைச் சாவியைப் பெண்மணியின் கையில் வைத்தார். “தங்கச்சி, கொஞ்சம் பாத்துக்கொள்ளும். சேலையை நீர் கேட்ட விலைக்கே தாறன்!” என்றுவிட்டுப் பின்கதவால் போய்விட்டார். அவர் வாழ்நாளில் கேட்ட விலைக்குக் கொடுத்த முதல் சேலை அதுவாகத்தான் இருக்கும்.

ஜனார்த்தன் அப்பா வீட்டுக்குப் போனபோது அப்பாவின் கார் வாசலில் சூடாக நின்றது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே கேத்தல் கொதிக்கிற சத்தம்... அவசர அவசரமாக யாரோ நடக்கிற சத்தம்... பிறகு அந்த நடை கதவருகே வந்து நின்றுவிட்டது.

கையைத் தூக்கினான். கை அந்தரத்தில் நின்றது. இடையில் ஒரு பலகை மட்டும்...

‘தட்டடா!’ என்றது காதுக்குள் ஒரு குரல்.

தட்டினான்.

“ஆரது?” என்று கதவுக்கு உடனே பின்னாலிருந்து கேட்டது. கதவு திறந்தது. புதுச் சட்டை, அவசரத்தில் பொத்தான் மாறிப் பூட்டிய சட்டை. “அட, நீயா! என்ன திடீரெண்டு? வா, வா... இரு. தேத்தண்ணி குடிக்கிறாயோ?”

*

ஞாயிற்றுக்கிழமை. மெலனியின் இடப்பக்க இருக்கையில் அவள் ஜாக்கெற். வலப்பக்க இருக்கையில் குடை. மழையே இல்லாத நாளில் குடை எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, வெயிலுக்கு என்றுவிட்டு வந்திருந்தாள்.

கேட்டவர்களுக்கெல்லாம் ஆள் வருகிறது, ஆள் வருகிறது என்றாள். கண் கதவிலேயே இருந்தது. தன் கால் ஆடுவதைக் குனிந்து பார்த்தாள்... ‘கடவுளே, எனக்கும் தொத்திவிட்டதே. அப்படி மிரட்டியிருக்கக் கூடாதோ? தனியாக வந்தாலும் பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே... சும்மா வந்திருந்தாலே போதுமே...’

விளக்கு அணைந்தது. அவள் மனமும்.

“பிள்ளை, இந்தக் குடை உம்முடையதோ?”

இருட்டில் ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால், மூச்சிரைக்க, அந்தக் கண்கள்... இன்றைக்கு நன்றாகத் தூங்கிய கண்கள்.

“அப்பா பார்க்கிங் காசுக்குப் பேரம் பேசினவர்,” என்று கிசுகிசுத்தான் ஜனார்த்தன். “மெஷினோட!”

மெலனியை ஓர இருக்கைக்கு நகர்த்திவிட்டு நவரட்ணம் நடுவில் இருந்துகொண்டார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், வேதக்காரப் பிள்ளையோ என்று முதல் காட்சி முடிவதற்குள் விசாரித்து முடித்தார். பிறகு ஒவ்வொரு வசனத்தையும் திரைக்கு அரை விநாடி முன்னால் சொன்னார். அந்த வாசல் காட்சி வந்தது. கை உயர்ந்தது... நின்றது...

“தட்டன்ரா!” என்று கத்தினார் நவரட்ணம்.

அவர் தலைக்கு மேலாக இரண்டு ஜோடிக் கண்கள் சந்தித்துக்கொண்டன.

வெளியே வந்ததும் பெரியவர் காரைப் பார்க்கிற சாக்கில் முன்னே நடந்தார். மெலனி கைக்குட்டையை நீட்டினாள். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்திருந்தாள்.

“போனைத் தாங்கோ. நம்பர் போட்டுத் தாறன். பேச்சு பேச்சுத்தான்.”

“நம்பர் வேண்டாம்.”

அவள் முகம் ஒரு கணம் வாடியது. “ஏன்...?”

“விலாசம் தாங்கோ. வீட்டை வந்து சொல்லவேணும்.”

“என்ன... என்ன சொல்ல?”

“உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு எண்டு. தட்டடா எண்டு கத்தின அண்டையில இருந்து...”

மெலனிக்குக் காது சூடானது. மழையில்லாத நாளில் குடையை விரித்து அதற்குள் முகத்தை ஒளித்தாள். “அதைத்தான் இப்பவே சொல்லிப்போட்டியளே.”

“இது கடையில சொன்னது. கணக்கில வராது.”

குடை கொஞ்சம் தாழ்ந்தது. இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. ஈரமாக, சிரித்துக்கொண்டு...

“ஞாயிறு பூசை முடிஞ்சு அம்மா வீட்டில நிப்பா. வாங்கோ. பெல் அடிக்க வேண்டாம்... தட்டவேணும். நான் கதவுக்குப் பின்னாலதான் நிப்பன். ஆனா நீங்கள் தட்டினாத்தான் திறப்பன்.”

“தம்பி!” என்று காரடியிலிருந்து நவரட்ணம் கத்தினார். “அவையின்ர வீட்டை எத்தினை மணிக்காம்?”