பிசிறு இல்லாத பூசணிக்கொடி

வாயாடியின் அப்பாவுக்குப் பிசிறு என்றாலே ஆகாது. தையற்காரர் ஆயிற்றே! எங்காவது ஒரு நூல் தொங்கினால் போதும், பையிலிருந்து குட்டிக் கத்தரி வெளியே வந்துவிடும். திரைச்சீலை, துண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காலர், எதையும் அவர் விட்டுவைத்ததில்லை.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். பால்கனியில் இருந்த தண்ணீர் டிரம்மில் மண்ணை நிரப்பி, வாயாடி ஒரு பூசணி விதை போட்டிருந்தாள். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. கொடியும் கோபித்துக்கொள்ளாமல் கம்பி முழுக்கப் படர்ந்தது.

ஆனால் காய்? பிஞ்சு வரும். மஞ்சளாகும். பொத்தென்று விழும்.

"இன்னிக்கும் ஒண்ணு போச்சா?" என்றாள் அம்மா. "இதோ பாருடி, குழாய்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. பிடிச்சு வைக்க டிரம் இல்லாம தவிக்கிறேன். கடைசியா நிக்குதே ஒரு பிஞ்சு, அதுவும் விழுந்தா மண்ணைக் கொட்டிட்டு டிரம்மைக் கழுவிடுவேன். சொல்லிட்டேன்!"

"அம்மா, செடிக்கும் உயிர் இருக்கும்மா!"

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்!"

வாயாடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கவலைப்படாதே கண்ணு" என்றார் அப்பா. "நான்தான் தினமும் சுத்தம் பண்றேனே. பிஞ்சு இல்லாம வெறும் காம்புல நிக்கிற பூவெல்லாம் பிசிறு. மொட்டோட வெட்டிட்டேன். சத்தெல்லாம் பிஞ்சுக்குப் போகும்."

டிரம்மின் அடியில் வாடிய பூக்கள் குவிந்து கிடந்தன. வாயாடி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"என்னடி, மூக்குல மஞ்சள்?" என்று அம்மா சிரித்தாள்.

வாயாடி மூக்கைத் தடவினாள். விரலில் மஞ்சள் பொடி! போன வாரம்தான் அறிவியல் வகுப்பில் இந்தப் பொடியைப் பற்றிப் படித்திருந்தாள்.

"ஐயோ அப்பா! இது பிசிறு இல்ல, ஆண் பூ! இந்த மகரந்தம் பிஞ்சோட பூவுல ஒட்டினாத்தான் காய் நிக்கும்!"

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. "அப்போ விழுந்ததெல்லாம்... என்னாலயா?"

கடைசிப் பிஞ்சின் பூ மறுநாள் காலையில் விரியும். வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். அதற்குள் புதிதாக ஒரு ஆண் பூ வேண்டும். எங்கே போவது?

வாயாடி கம்பி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். இரண்டாவது மாடி பால்கனியில், பழைய லாரி டயருக்குள் ஒரு பூசணிக்கொடி. அதில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூக்கள்!

"ஹாரன் மாமா வீடா? வேண்டவே வேண்டாம்!" என்றார் அப்பா.

ஹாரன் மாமா முன்பு லாரி ஓட்டினார். இப்போது லாரி இல்லை, ஹாரன் மட்டும் தொண்டையில் தங்கிவிட்டது. போன மாதம் டிரம்மிலிருந்து சொட்டிய சேற்றுத்தண்ணீர் அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அன்று போட்ட சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோனது.

"நீங்க வர வேண்டாம்ப்பா. நான் போறேன்."

மறுநாள் பல்கூடத் துலக்காமல் போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரது?" கதவே அதிர்ந்தது.

வாயாடிக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "மாமா... ஒரு பூ வேணும்."

"பூவா? என் சட்டைய நாசம் பண்ணது போதாதா?"

"தப்புதான் மாமா. இப்போ டிரம்முக்கு அடியில பேசின் வச்சிட்டேன். இனிமே சொட்டாது."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு பூ என்ன, கொடியையே எடுத்துக்கோ. பூவாப் பூக்குது, ஒரு காயைக் காணோம். இன்னிக்குப் பிடுங்கி எறியப்போறேன்."

"ஐயையோ, வேண்டாம் மாமா!" வாயாடி கூப்பிடாமலே உள்ளே ஓடினாள். டயர் பக்கத்தில் உட்கார்ந்து இலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினாள். "எங்க கொடியிலயும் முதல்ல இப்படித்தான், வெறும் ஆண் பூவா வந்துச்சு. இதோ, இங்க பாருங்க!"

கொடி நுனியில் ஒரு மொட்டு. அதன் அடியில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பிஞ்சு.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "அட!" என்றார். அவரால் மெதுவாகக்கூடப் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. "பிடுங்கியிருப்பேனே, பாவி!"

அவரே ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தார். "வெயில் ஏறுது, ஓடு!" என்று சொல்லிவிட்டு அவரும் பின்னாலேயே படியேறினார்.

கதவைத் திறந்த அப்பா திகைத்து நின்றார். "அண்ணே... அந்தச் சட்டை விஷயத்துல—"

"சட்டை கிடக்கட்டும்ப்பா, வழியை விடு!"

வாயாடி இதழ்களை உரித்துவிட்டு, ஆண் பூவின் நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் மெல்லத் தடவினாள்.

அடுத்த நாள் பிஞ்சு பச்சையாகவே இருந்தது. அதற்கடுத்த நாளும். அப்புறம் குண்டாகத் தொடங்கியது, பாருங்கள்! எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு என்று அது பாட்டுக்கு வளர்ந்தது. பாரம் தாங்காமல் காம்பு ஒடிந்துவிடக் கூடாதே என்று, அப்பா வெட்டுத்துணியில் ஒரு தொட்டில் தைத்து அதைக் கம்பியில் கட்டினார்.

ஒருநாள் காலையில் வாயாடி கண்ணைக் கசக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். அம்மா அங்கே காயைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, டிரம் வேணும்னியே?"

"எந்த டிரம்?" என்று கேட்டுவிட்டு, அரிசி கழுவிய தண்ணீரைக் கொடிக்கு ஊற்றினாள் அம்மா.