தூங்கிக்கொண்டிருந்த பாதி

கடைக்குள் நுழைந்ததும் அவள் முதலில் செய்தது திரும்பித் தெருவைப் பார்த்ததுதான். பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதியான பிறகே லேப்டாப் பையை மேசைமேல் வைத்தாள். இன்னொரு பை, துணிமணிகள் திணித்த பெரிய பை, காலடியில் இருந்தது. அதன் வாரை மட்டும் அவள் விடவில்லை.

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள், தம்பிக்கு மூத்தவள் என்பதால். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை நேர வேலை. இன்று மதியம் வீடு திரும்பி லேப்டாப்பைத் திறந்தவள், பெரிய பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணைத் தெருக்காரர்கள் டாக்டரம்மா என்று கிண்டலாகக் கூப்பிடுவார்கள். ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. கெட்டுப்போன டிஸ்குகளுக்கு மட்டும் வைத்தியம். உதவிக்கு அவருடைய நாத்தனார்.

"ஆன் பண்ணட்டுமா அண்ணி?" என்று நாத்தனார் லேப்டாப்பை ஆசையோடு இழுத்தாள்.

"கையை எடு. அடிபட்டவனை எழுந்து ஓடச் சொல்றதில்ல." டாக்டரம்மா லேப்டாப்பைக் கவிழ்த்து, திருகாணிகளைக் கழற்றி, டிஸ்கை வெளியே எடுத்தார். "முதல்ல முழுசா ஒரு பிரதி. வைத்தியம் எல்லாம் பிரதிக்குத்தான். அது ஓடட்டும், நீங்க சொல்லுங்க. என்ன காணோம்?"

பெரியவள் குரலைத் தாழ்த்தினாள். "என் வீட்டுக்காரர் பேசினதைப் பதிவு பண்ணினது. அவர் அடிச்ச பிறகு நான் எடுத்த படங்கள். நாளைக்குக் காலையில வக்கீலம்மாகிட்ட கொடுக்கணும். அவர் என் பக்கம் வரக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு வாங்க."

"வேற பிரதி?"

"இல்ல. போனை அவர் உடைச்சிட்டார். அதுக்கு முன்னாடி இதுல ஏத்தி வச்சதுதான் மிச்சம். நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் ஒரு புது ஃபோல்டருக்கு மாத்தினேன். இன்னைக்குத் திறந்தா அந்த ஃபோல்டரே இல்ல." அவள் பெரிய பையைக் காலால் இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சாகணும் மேடம். இதை அழிச்சது அவரா? அவர்னா நான் இருக்கிற வீடு அவருக்குத் தெரிஞ்சு போச்சு. இப்படியே பஸ் ஏறிடுவேன்."

நாத்தனாரின் முகத்தில் இருந்த துள்ளல் போய்விட்டது. டாக்டரம்மா மட்டும் அதே நிதானத்தில் கேட்டார். "இதுல ரெண்டு சிஸ்டம் இருக்கு போல."

"தம்பியோட லேப்டாப். வேலைக்கு வெளியூர் போறப்ப கொடுத்துட்டுப் போனான். ஆன் பண்ணினா எது வேணும்னு கேட்கும். நான் லினக்ஸ் மட்டும்தான். என் வீட்டுக்காரருக்கு விண்டோஸ் அத்துப்படி, அதனால அந்தப் பக்கமே போறதில்ல. அதுக்குப் பாஸ்வேர்டுகூடக் கிடையாது. ரெண்டுக்கும் பொதுவா ஒரு டிரைவ் இருக்கு, வச்சதெல்லாம் அதுலதான்."

"அந்த டிரைவ் இதுக்கு முன்னாடி தொந்தரவு கொடுத்திருக்கா?"

"இந்த ஒரு மாசமா சில நாள் அடம் பிடிக்கும். படிக்கலாம், எதுவும் எழுத விடாது. தம்பி ஒரு வரி அனுப்பியிருக்கான். அதை அடிச்சா வழிக்கு வந்துடும். நேத்துகூட அப்படித்தான். ரெண்டொரு தடவை, வச்ச படம் மறுநாள் காணாம போச்சு. என் மறதின்னு விட்டுட்டேன்."

"அடம் பிடிக்கிற நாள்ல கடிகாரம் சரியா இருக்குமா?"

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல. மணிக்கணக்கா முன்னால ஓடும். நான்தான் சரி பண்ணுவேன். பேட்டரி போச்சோன்னு நெனச்சேன்."

"நெட்?"

"போடவே இல்ல. அது வழியா வந்துடுவாரோன்னு பயம்."

பிரதி எடுக்கும் கருவியில் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வெளியே ஒரு பைக் நின்றது. பெரியவளின் கை பை வாரை இறுக்கியது. பைக் ஓட்டியவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் போனைப் பார்த்துவிட்டு, மறுபடி கிளம்பிப் போனான். அது வேறு யாரோ. இருந்தாலும் அந்தச் சத்தம் தெருமுனையில் தேயும்வரை அவள் வாசலையே பார்த்திருந்தாள்.

"வீட்டுல யார் யார்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நானும் சித்தியும். சித்தி பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ஓய்வானவங்க. மணி அடிக்கிறதுகூட அவங்க பொறுப்புதான். லினக்ஸ்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாது." பெரியவள் கொஞ்சம் தயங்கினாள். "இந்த வரனே சித்தி பார்த்ததுதான். நான் ஓடி வந்தப்ப உள்ள விட்டாங்க. ஆனா அனுசரிச்சுப் போயிருக்கலாம்னு தினமும் ஒரு பாட்டு. சாட்சிக்கு வரச் சொல்லி வக்கீலம்மா கேட்டாங்க, குடும்ப விஷயத்துக்கு நான் கோர்ட்டு படி ஏற மாட்டேன்னுட்டாங்க. இப்ப ஒரு மாசமா எதுவும் சொல்றதில்ல. திடீர்னு ஒருநாள் ஆளைக் கூப்பிட்டுக் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டாங்க. ஏன்னு கேட்டா பழசு ஆடுதாம். நான் பிடிச்சுப் பார்த்தேன், ஆடல. அவங்க அவரைத் தெருவுல பார்த்திருக்காங்க மேடம். என்கிட்ட மறைக்கிறாங்க."

"அண்ணி, எனக்குப் புரிஞ்சு போச்சு," என்றாள் நாத்தனார். "கள்ளச் சாவி. இவங்க வேலைக்குப் போன நேரம், சித்தி கடைக்குப் போன நேரம். உள்ள வந்து அழிச்சிட்டுப் போயிட்டான்."

"ஒரு மாசமா வந்துட்டுப் போறானா? முதல் நாளே லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே."

பிரதி முடிந்ததும் டாக்டரம்மா அதைத் தன் கணினியில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். ஒரு முறை புருவம் உயர்ந்தது. பிறகு எல்லாவற்றையும் பைக்குள் வைத்தார். "உங்க வீட்டைப் பார்க்கணும். வெளிச்சம் இருக்கப்பவே போயிடலாம்."

வீடு முதல் மாடியில். படியேறும்போது பெரியவள் சுவரை ஒட்டியே நடந்தாள், திருப்பத்தில் நின்று மேலே எட்டிப் பார்த்தாள். கதவைத் தட்டி, "நான்தான்" என்று இரண்டு முறை சொன்ன பிறகு உள்ளே ஒரு தாழ்ப்பாள் விலகியது. பின்னர் இன்னொன்று.

கதவைத் திறந்த சித்தி அவர்களை அரைகுறையாக வரவேற்றுவிட்டு, கூடத்தில் கிடந்த ஸ்டூலில் மறுபடி ஏறிக்கொண்டார். சுவர்க்கடிகாரத்தின் முள்ளை ஒரு விரலால் நகர்த்தினார். "ரெண்டு நிமிஷம் பின்னால போகுது. கண்ணுல பட்டா சும்மா விட முடியல." இறங்கும்போதுதான் பெரிய பையைப் பார்த்தார். "இது எதுக்குடி?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா சித்தி?"

சித்தியின் பார்வை வாசல் கதவுக்குப் போய்த் திரும்பியது. கதவை அவரே இரண்டு தாழ்ப்பாளும் போட்டுச் சாத்தினார். சித்தி எதற்கோ பயப்படுகிறார். பயப்படும்படி எதையோ பார்த்திருக்கிறார்.

டாக்டரம்மா சாப்பாட்டு மேசையில் தன் கணினியைத் திறந்தார். "பொது டிரைவ்ல பேரே இல்லாத துண்டுகள் நிறைய கிடக்கு. எது படம், எது பேச்சுன்னு பார்த்து எடுக்கணும். ஒண்ணு மட்டும் பேச்சுன்னு கடையிலயே தெரிஞ்சது. போடறேன். இது உங்களோடதான்னு சொல்லுங்க."

முதலில் ஒரு மின்விசிறியின் சத்தம். பிறகு அந்தக் குரல். அதட்டல் இல்லை. குழந்தையைத் தூங்க வைப்பவன் போன்ற மெல்லிய குரல்.

"உனக்கு எத்தனை தடவைம்மா சொல்றது. நான் கோபப்படறேனா? பாரு, கோபமே படல. கையை மேசை மேல வை. வைன்னா வைக்கணும்."

பெரியவள் தன் இடது கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். அவளை மீறி நடந்தது அது. நாத்தனார் தரையைப் பார்த்தாள். குரல் அடங்கி, மின்விசிறி மட்டும் சுழன்றது. சித்தி கண்களை இறுக மூடி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தினார்.

அதன் பிறகுதான் பதிவில் தட்டு உடைந்தது.

டாக்டரம்மா நிறுத்தினார். கூடத்தில் சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது.

"என்னோடதுதான்," என்றாள் பெரியவள்.

"சரி. முதல்ல உங்க கேள்விக்குப் பதில். அவர் வரல. கதவு வழியாவும் வரல, நெட் வழியாவும் வரல."

"எப்படி மேடம் அவ்வளவு உறுதியா?"

"கடிகாரம் சொல்லுது. லேப்டாப்புக்குள்ள கடிகாரம் ஒண்ணுதான். ஆனா அதை விண்டோஸ் ஒரு விதமாப் படிக்கும், லினக்ஸ் வேற விதமாப் படிக்கும். இந்தப் பக்கம் சரி பண்ணினா அந்தப் பக்கம் தப்பாத் தெரியும். நெட் இருந்தா தானே சரியாகும், உங்ககிட்ட அது இல்ல. உங்க பக்கம் அது முன்னால ஓடுதுன்னா, விண்டோஸ்ல உட்கார்ந்து யாரோ கையால மணியைச் சரி பண்ணியிருக்காங்க. அழிக்க வந்தவன் கடிகாரத்தைச் சரி பண்ணிட்டா போவான்?"

பெரியவளின் பார்வை தன்னை அறியாமல் ஸ்டூலின் பக்கம் போனது.

"அடுத்தது, அடம் பிடிக்கிற டிரைவ். விண்டோஸை அணைச்சா இந்த லேப்டாப்புல அது முழுசா அணையறதில்ல. அரைத் தூக்கம்தான். பொது டிரைவை ஒரு அலமாரின்னு வச்சுக்குங்க. அலமாரியில எது எந்தத் தட்டுல இருக்குன்னு மனசுல வச்சுக்கிட்டே தூங்கும். அலமாரியில 'தொடாதே'ன்னு ஒரு பூட்டும் போட்டிருக்கும். அதான் லினக்ஸ் எழுத மாட்டேன்னது. விண்டோஸை யாருமே தொடலைன்னா அந்தப் பூட்டு மறுபடி மறுபடி எங்கிருந்து வரும்?"

"தம்பி அனுப்பின வரி…"

"அந்தப் பூட்டை உடைக்கிற வரி. அவன் உபகாரமாத்தான் அனுப்பினான், விண்டோஸை யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு நம்பி. நேத்து நீங்க பூட்டை உடைச்சு, அலமாரி முழுக்க மாத்தி அடுக்கினீங்க. இன்னைக்குக் காலையில யாரோ விண்டோஸை எழுப்பினாங்க. அது பழைய நினைப்புலயே கை வச்சுது, ஒண்ணும் ஒத்துப் போகல. தானே ஒரு சோதனை நடத்தி, சொந்தக்காரன் தெரியாததையெல்லாம் பேரைக் கிழிச்சு ஒரு மூலையில கொட்டிடுச்சு. பாதி உங்க கை, பாதி அவங்க கை. ரெண்டு பேருமே எதையும் அழிக்கணும்னு நினைக்கல."

"அவங்கன்னா யார் அண்ணி?" நாத்தனாரால் பொறுக்க முடியவில்லை.

டாக்டரம்மா சித்தியைப் பார்க்கவில்லை. கணினியைப் பார்த்தே சொன்னார். "இந்தப் பேச்சை முதல் தடவை கேட்கிறவங்க தட்டு உடைஞ்ச பிறகுதான் காதைப் பொத்துவாங்க."

சித்தி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். புடவை நுனியை விரலில் சுற்றினார்.

"நான் பார்த்து வச்ச பையன் அவன்," என்றார். "நீ சொன்னதை நான் நம்பலடி. பொய்யா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் திறந்தேன். ஆபீஸ்ல பழகின விண்டோஸ், கஷ்டமில்ல. நீ வர்றதுக்குள்ள மூடணுமேன்னு மணியைப் பார்த்தா அது கண்டபடி காட்டும். சரி பண்ணி வைப்பேன்."

"ஒரு தடவை கேட்டாப் போதாதா சித்தி?"

"போதும்தான். ஆனா ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவை அந்தத் தட்டு உடையாம போயிடாதான்னு இருக்கும்." அவர் புடவை நுனியை விட்டுவிட்டார். "இன்னைக்கு என்னமோ சரிபார்க்கிறேன்னு ஓடுச்சு. நின்னதும் பார்த்தா ஒண்ணுமே இல்ல. நான்தான் தொலைச்சிட்டேன்னு கை கால் ஓடல. உன்கிட்ட எந்த முகத்தோட சொல்வேன்?"

"அப்ப அந்தத் தாழ்ப்பாள்?"

"முதல் தடவை கேட்ட அன்னைக்குப் போட்டது. அவனை நான் பார்க்கலடி. அந்தக் குரலைக் கேட்டேன், அது போதாதா? இப்பல்லாம் படியில காலடி கேட்டாலே எனக்கு உடம்பு உதறுது."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே படியில் காலடி கேட்டது. கனமான செருப்பு, அவசரமில்லாத நடை. நான்கு பெண்களும் அசையவில்லை. காலடி வாசலுக்கு வெளியே நின்றது. சாவிகள் குலுங்கின. பிறகு அது மேல்மாடிக்குப் படியேறிப் போனது. மேலே ஒரு கதவு திறந்து மூடியது. சித்தியின் கை பெரியவளின் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

டாக்டரம்மா மெல்லப் பேச்சைத் தொடர்ந்தார். படங்களில் பெரும்பாலானவை கிடைத்துவிடும். இந்தப் பேச்சு முழுசாக இருக்கிறது. இன்னொன்று நடுவில் சிதைந்திருக்கிறது, அதற்கு உத்தரவாதம் இல்லை. காலைக்குள் இரண்டு பிரதி தருவதாகவும், இனி விண்டோஸ் முழுசாக அணையும்படி மாற்றி வைப்பதாகவும் சொன்னார். "அந்த வரியை மட்டும் மறந்துடுங்க. பூட்டு விழுந்தா யார் போட்டதுன்னு முதல்ல கேட்கணும்."

"நான் கள்ளச் சாவின்னு சத்தியமே பண்ணியிருப்பேன்," என்றாள் நாத்தனார்.

"நல்லவேளை, உன்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடல."

அவர்கள் போன பிறகு சித்தி இரண்டு தாழ்ப்பாளையும் போட்டார், இழுத்தும் பார்த்தார். பெரியவள் கூடத்தின் நடுவில் பெரிய பையோடு நின்றுகொண்டிருந்தாள். பயம் போய்விடவில்லை. எங்கோ ஒரு தெருவில் அந்த மெல்லிய குரல் அவளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இன்றைக்கு வரை அதற்கு இந்த வாசல் தெரியாது. அவள் குனிந்து பையின் ஜிப்பைத் திறந்தாள்.

"நீ வந்த அன்னைக்கு அந்தக் கை எப்படி வீங்கியிருந்துச்சுன்னு பார்த்தவ நான் ஒருத்திதானே," என்றார் சித்தி, அவள் முதுகைப் பார்த்தபடி. "வக்கீல் வீட்டுக்கு நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

பெரியவள் திரும்பவில்லை. மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டே, "ஒன்பதுக்கு," என்றாள்.

சித்தி அண்ணாந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரியாத்தான் ஓடுது," என்றார்.